நெட் வரலையா? முதல்ல ஃபயர்வாலை ஆஃப் பண்ணு! – ஒரு சின்ன வரலாறு



பி.காம் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர் வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

எங்கள் வீடு ஆவடி பக்கம். அப்பா சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். மளிகைக்கடை, ஹார்டுவேர் கடை, அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு லேத் பட்டறை என்று நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேருடைய பான் எண், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எல்லாமே வீட்டில் இருக்கிற ஒரே ஒரு லேப்டாப்பில்தான்.

சில மாதங்களுக்கு முன்னால் பழைய டெலிபோன் வயர் இணைப்பை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். பெட்டி வந்தது, விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது, மொபைலில் நெட் பறந்தது. அப்பாவின் லேப்டாப்பில் மட்டும் வரவில்லை. மறுநாள் 20ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

இணைப்புக் கொடுக்க வந்த அண்ணன் லேப்டாப்பை வாங்கினார். ஆன்ட்டி வைரஸை நிறுத்தினார். ஃபயர்வாலை ஆஃப் செய்தார். இன்னும் எங்கேயோ உள்ளே போய் எதையோ மாற்றினார். ரீஸ்டார்ட். நெட் வந்துவிட்டது! "இதுதான் சார் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, இனிமே இதை ஆன் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பாவும் சாமி வாக்கு மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்துத்தான் நான் பார்த்தேன். திரையின் மூலையில் ஒரு சிவப்புக் குறி. கேட்டால், "அதைத் தொடாதே, நெட் போயிடும்" என்கிறார். நாற்பது குடும்பத்தின் கணக்கு, கதவைத் திறந்துபோட்ட வீட்டில் நான்கு மாதமாகக் கிடந்திருக்கிறது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, 2001 முதல் 2011 வரை அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ப்ரௌசிங் சென்டர் நடத்தியவர். அவருக்குப் போன் போட்டேன். "டேய் மாப்ள, எதையும் மொத்தமா மாத்தாதே. ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாரு" என்றார். ஃபயர்வாலை ஆன் செய்தேன். நெட் வந்தது. ஆன்ட்டி வைரஸை ஆன் செய்தேன். அப்போதும் வந்தது! அப்படியானால் குற்றவாளி யார்? அப்பா பழைய இணைப்புக் காலத்தில் கையால் போட்டு வைத்திருந்த டிஎன்எஸ் எண். அந்த அண்ணன் அதைத் தானியங்கிக்கு மாற்றியிருக்கிறார். பரிசோதனைக்காகப் பழைய எண்ணை மறுபடி போட்டேன். நெட் செத்தது. எடுத்தேன், பிழைத்தது.

அவர் செய்தது மூன்று வேலை. பலித்தது ஒன்று. தேவையில்லாத இரண்டையும் திருப்பி வைக்காமல் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு ஏறி இறங்குகிறவர். ஆனால் "நெட் வரலைன்னா செக்யூரிட்டியை ஆஃப் பண்ணு" என்ற இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

டயல் டோன் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. கொடுத்தது விஎஸ்என்எல். அதற்கு முன்பே, 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐஐடி மெட்ராஸ் போன்ற கல்வி நிறுவனங்கள் இருந்தன. வீட்டுக்கு வந்தது என்றால் 1995தான். மெட்ராஸ் முதல் நான்கு நகரங்களில் ஒன்று.

மாணவர்களுக்கு 250 மணி நேரம் 500 ரூபாய். மணிக்கு இரண்டு ரூபாய் என்று மகிழ வேண்டாம். அதில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. போன் பில் தனி. படத்தோடு பார்க்கும் இணைப்புக்கு மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். வேகம் 9.6 கேபிபிஎஸ். முதல் சில மாதங்களில் லைன் கிடைக்காமல் மக்கள் திட்டித் தீர்த்ததும், விஎஸ்என்எல் தலைவராக இருந்த பி.கே. சிங்கால் தவறு நடந்ததைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதும் வரலாறு. ஆக இந்தியாவில் இணையமும் "நெட் வரலை" என்ற புகாரும் ஒரே நாளில் பிறந்தவை :-)

1998 நவம்பரில் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. முதலில் களமிறங்கிய தனியார் நிறுவனம் நம்ம சென்னையின் சத்யம் இன்ஃபோவே. பிறகு சிஃபி என்று பெயர் மாறியது. 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. பங்குச் சந்தை படிக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

அந்தக் காலத்தில் ரிப்பேர் என்றால் எர்ரர் நம்பர்தான். மாமாவின் நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. 680 என்றால் டயல் டோன் இல்லை. 678 என்றால் எதிர்முனை பதில் சொல்லவில்லை. 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. அடுத்த அறையில் யாராவது போனை எடுத்தால் லைன் கட். கேபிள், மோடம், எண், பாஸ்வேர்டு. கோளாறு எல்லாம் இந்த நாலுக்குள் அடக்கம்.

அறுபது வினாடிகள்

பாதுகாப்பு என்ற விஷயம் இங்கே எப்போது நுழைந்தது? வைரஸ் பழையதுதான். 1986இல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' பிளாப்பியில் ஊர் ஊராகப் போனது. சென்னையில் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தை கேசவர்த்தனன் 1991இலேயே தொடங்கிவிட்டார். ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் விற்ற வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குள் ஓடியது சென்னையில் செய்த இந்த எஞ்சின்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் பிளாப்பி வைரஸ் நெட்டை நிறுத்தாது. அதைச் செய்தது 2003 ஆகஸ்ட் 11 அன்று வெளிப்பட்ட பிளாஸ்டர்.

மாமா சென்டரில் அப்போது ஆறு கம்ப்யூட்டர். மணிக்கு 20 ரூபாய். கேபிள் டிவி வயர் மாதிரி தெருத்தெருவாக இழுத்த இணைப்பு. அதாவது தெரு முழுக்க ஒரே லேன். ஒரு வீட்டில் நுழைந்தால் அத்தனை வீட்டுக்கும் நுழைந்த மாதிரி. ஒரு மாலை, ஒவ்வொரு திரையாக ஒரு பெட்டி வந்ததாம். இன்னும் அறுபது வினாடியில் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று எண்ணிக்கை இறங்குகிறது. அணைந்து, திரும்ப எழுந்து, மறுபடி எண்ணிக்கை. ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள் கத்த, மாமா எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தாராம்.

நடந்தது என்ன? விண்டோஸின் ஒரு சேவையில் ஓட்டை. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஒட்டை ஜூலையிலேயே, அதாவது ஒரு மாதம் முன்பே, வெளியிட்டுவிட்டது. போட்டவர்கள் குறைவு. யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டாம், எதையும் சொடுக்க வேண்டாம். நெட்டில் இருந்தால் போதும், புழு தானே வந்து நுழையும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அந்த ஒட்டின் அளவு ஒரு எம்பியைச் சற்றே தாண்டும். டயல் அப்பில் வினாடிக்கு 5 கேபி வந்தால் நல்ல நாள். அப்படியானால் இறக்க மூன்றரை நிமிடம் வேண்டும். கையில் இருப்பதோ ஒரு நிமிடம்! மருந்து வாங்கப் போகிற வழியிலேயே நோயாளி மயங்கி விழுவது போல. ரன் பெட்டியில் ஷட்டவுன் என்று அடித்து ஹைபன் ஏ போட்டால் எண்ணிக்கை நிற்கும் என்ற ரகசியம் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். மாமா நோட்டில் இது சிவப்பு மையில் இருக்கிறது.

இதைவிட வேதனை, அந்தப் புழுவைத் தடுக்கும் ஃபயர்வால் எக்ஸ்பிக்குள்ளேயே இருந்தது. ஆனால் ஆஃப் நிலையில் வந்தது! ஆன் செய்தால் ஏதாவது வேலை செய்யாமல் போகுமோ என்ற பயம். அடுத்த ஆண்டு சாசர் என்ற இன்னொரு புழு வந்தது. அதை எழுதியவர் ஒரு ஜெர்மன் மாணவர். கடைசியில் 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தபோதுதான் ஃபயர்வால் தானாகவே ஆன் நிலையில் வந்தது.

அது நம்ம வீடுகளுக்கு வந்து சேர்ந்ததா? முழு சர்வீஸ் பேக் 260 எம்பிக்கு மேல். அதே 5 கேபி கணக்கில் சுமார் 15 மணி நேரம். இன்னொரு தடை, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் வாங்கிய சிடி. திருட்டு எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டரில் "அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வோம்" என்ற பயம். 2005இல் மைக்ரோசாஃப்ட் அசல் நகலா என்று சோதிக்கத் தொடங்கியதும் பயம் இன்னும் கூடியது. உண்மையில் தானியங்கி அப்டேட்டில் பாதுகாப்பு ஒட்டுகள் மட்டும் எல்லோருக்கும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர் முதல் வேலையாக அப்டேட்டை நிறுத்திவிட்டுத்தான் ஒப்படைப்பார். ஆஃப் பண்ணும் பழக்கத்தின் முதல் விதை இதுதான் என்று நினைக்கிறேன்.

இரவு இரண்டு மணி

2004 அக்டோபரில் அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டு வந்தது. 256 கேபிபிஎஸ் இருந்தால் பிராட்பேண்ட் என்றார்கள்! 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன். 250 ரூபாய் திட்டத்தில் மாதம் 400 எம்பி. இன்று ஒரு சினிமாவுக்கே போதாது. 500 ரூபாய் திட்டங்களில் ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பையன்களெல்லாம் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டுவிட்டுத் தூங்கிய காலம் அது.

மாமா நோட்டின் இரண்டாம் பாகம் இங்கே தொடங்குகிறது. 192.168.1.1. பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். விபிஐ 0, விசிஐ 35. ஸ்ப்ளிட்டரை ஒழுங்காக மாட்டு, இல்லாவிட்டால் போன் அடிக்கும்போது நெட் போகும். மழை பெய்தால் தெருமுனைப் பெட்டியில் தண்ணீர். பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மக்கர் செய்தால் 2006இல் வந்த ஓப்பன் டிஎன்எஸ் எண்ணைக் கையால் போடு. எங்கள் அப்பா லேப்டாப்பில் கையால் எண் போடும் பழக்கம் இந்த நோட்டிலிருந்துதான் வந்தது!

இந்த மோடத்தை இரண்டு விதமாக அமைக்கலாம். பிரிட்ஜ் முறையில் கம்ப்யூட்டரே டயல் செய்யும். வெளி உலகம் நேராகக் கம்ப்யூட்டரைப் பார்க்கும். ரூட்டர் முறையில் மோடமே டயல் செய்யும். கம்ப்யூட்டர் மோடத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். புழுவிலிருந்து தப்பிக்க இரண்டாவதுதான் நல்லது. ஆனால் அப்போது வெளி உலகம் நேராகப் பார்ப்பது மோடத்தை. அதன் பாஸ்வேர்டோ ஊருக்கே தெரிந்த அட்மின். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

சில சமயம் தப்பு வீட்டிலேயே இருக்காது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பக்கம் கடலடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியாவின் வெளிநாட்டு இணைப்பில் பாதிக்கு மேல் அடிபட்டது. மோடத்தில் எல்லா விளக்கும் பச்சை, ஆனால் பக்கம் திறக்காது. அந்த வாரம் எத்தனை வீடுகளில் பாவப்பட்ட ஆன்ட்டி வைரஸ் பழி சுமந்து ஆஃப் ஆனதோ!

காவலாளியே கதவை அடைத்த நாள்

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆஃப் பண்ணச் சொன்னவர்கள் சொன்னது சரியாகவே இருந்த நாட்களும் உண்டு.

2008 ஜூலை 8. டிஎன்எஸ்ஸில் டான் காமின்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். டிஎன்எஸ் கேள்வி எந்த வழியாகப் போகிறது என்று ஊகிக்க முடிந்தால், எதிரி பொய்யான பதிலை நுழைத்து, வங்கி முகவரியைத் தட்டினால் தன் தளத்துக்கு வரவைக்கலாம். அன்று பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் ஒட்டு வெளியிட்டன. தீர்வு எளிமையானது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு போர்ட் வழியாகக் கேள்வியை அனுப்பு.

மைக்ரோசாஃப்ட் ஒட்டு எக்ஸ்பியில் ஏறியது. அன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இலவசமாகப் பயன்படுத்திய ஃபயர்வால் ஸோன்அலார்ம். விண்டோஸ் திடீரென்று புதுப் புது வழியாகக் கேள்வி கேட்பதை அது பார்த்தது. 'யாரோ அந்நியன்' என்று நினைத்து அடைத்தது. நெட் மொத்தமும் நின்றது! ஸோன்அலார்ம் நிறுவனமே சொன்ன தற்காலிக வழி, பாதுகாப்பு அளவை ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்கு, அல்லது விண்டோஸ் ஒட்டை எடுத்துவிடு. சில நாட்களில் திருத்திய பதிப்பு வந்தது.

எவ்வளவு வேடிக்கை பாருங்கள். ஒட்டு போட்டதும் நல்லதுக்கு, அடைத்ததும் நல்லதுக்கு. இரண்டு நல்லவர்கள் ஒருவரை ஒருவர் திருடன் என்று பிடித்துக்கொண்டார்கள். பின்னர் திருத்திய பதிப்பைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். மீடியத்துக்கு இறக்கியதை அப்படியே விட்டவர்கள் எத்தனை பேரோ!

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு அப்டேட், எக்ஸ்பியின் முக்கியமான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்தது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்தன, நெட்வொர்க் போனது. 2024 ஜூலை 19 கிரவுட்ஸ்ட்ரைக் கதை நமக்கே தெரியும். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஆக, காவலாளி தப்பு செய்வான். அது உண்மை. அதனால் காவலாளியே வேண்டாம் என்று முடிவு செய்யலாமா?

2017: பழைய கடன் திரும்பி வந்தது

மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அட்மின் பாஸ்வேர்டுக்கு வருவோம்.

2017 ஜூலை கடைசியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்கள் பலரின் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. விளக்கு எரியும், நெட் வராது. வெளியான செய்திகளின்படி சுமார் 60,000 மோடம்கள். காரணம் பிரிக்கர்பாட் என்ற நிரல். கருவியைத் தேடிப் பிடித்து, அது வந்த நாளிலிருந்து மாற்றாத பாஸ்வேர்டால் உள்ளே நுழைந்து, அமைப்பையே அழித்துவிடும். பாதுகாப்பில்லாத கருவிகளை எதிரிகள் பிடிப்பதற்கு முன் நானே கொன்றுவிடுகிறேன் என்பது அதை எழுதியவரின் வாதம். பூட்டாத வீட்டைத் திருடன் புகுவதற்கு முன் இடித்துத் தள்ளுவது போல! பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

2005இல் யாரோ ஒருவர் அவசரத்தில் "அட்மின் அட்மின், வேலை முடிஞ்சுது" என்று தொடங்கி வைத்த பழக்கம். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பில் வந்தது. கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் உண்டு. கண்டிஞ்சன்ட் லயபிலிட்டி. இன்று பேலன்ஸ் ஷீட்டில் தெரியாது. குறிப்பில் மட்டும் இருக்கும். ஒரு நாள் நடந்துவிட்டால் அன்றைக்கு நிஜக் கடன். செக்யூரிட்டியை ஆஃப் பண்ணிவிட்டுப் போகிறவர் நம்ம வீட்டில் வைத்துவிட்டுப் போவது அதைத்தான். அவருடைய வேலை அன்றே முடிந்துவிடும். கடன் மட்டும் நம் பெயரில் நிற்கும்.

அதனால்தான் இந்த வைத்தியம் இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. நெட் வந்ததா இல்லையா என்பது உடனே தெரியும். பாதுகாப்பு போனது தெரியாது. தெரிகிற லாபத்துக்காகத் தெரியாத நஷ்டத்தை ஏற்பது மனுஷ சுபாவம்.

கடைசியாக

இன்று அதே அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. 2023இல் என்டிடி ஒன்று திறந்தது. 2024 ஜனவரியில் ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி மூன்றும் சேர்ந்த நிறுவனம் 100 மெகாவாட் வரை வளரக்கூடிய வளாகம் ஒன்றைத் திறந்தது. மாமாவின் ஆறு கம்ப்யூட்டர் அறுபது வினாடி எண்ணிய இடத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. அங்கே ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டுமானால் யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று எழுதி வைக்காமல் செய்ய மாட்டார்கள். நம்ம வீட்டில் மட்டும் ஏன் எழுதக் கூடாது?

நாங்கள் எழுத ஆரம்பித்துவிட்டோம். மாமாவின் நோட்டிலேயே மிச்சமிருந்த பக்கங்களில். நெட் வரவில்லை என்றால் இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். முதலில் மொபைலில் வருகிறதா பார். வந்தால் தப்பு லேப்டாப்பில், வராவிட்டால் லைனில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுது. பலிக்கவில்லையா, அடுத்ததைத் தொடும் முன் பழையபடி வை. காவலை நிறுத்திப் பார்க்க வேண்டி வந்தால் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். வந்தவர் கிளம்பும் முன் "அண்ணா, எதையெல்லாம் மாத்தினீங்க?" என்று ஒரு கேள்வி. காபி கொடுத்துக்கொண்டே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை :-)

லேப்டாப்பை முழுதாகச் சோதித்தோம். தேவையில்லாத ஒரு டூல்பாரைத் தவிர வேறொன்றும் சிக்கவில்லை. ஆனாலும் அப்பா சும்மா இருக்கவில்லை. நாற்பது பேருக்கும் போன் செய்து, நடந்ததைச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். "ஏன்ப்பா, ஒண்ணும் ஆகலையே, எதுக்கு மானத்தை வாங்கிக்கிறீங்க?" என்று கேட்டேன். "அவங்க நம்பித்தானே குடுத்தாங்க" என்றார்.

மூன்று வருஷம் ஆடிட்டிங் படித்ததில் எனக்கு ஏறாத ஒன்று அந்த ஒரு வரியில் ஏறியது.

உங்கள் வீட்டு லேப்டாப்பின் மூலையிலும் சிவப்புக் குறி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.